மூலையில் வரும் வைரஸ் பெட்டிக்கு ஆன்டி ஸ்பைவேர் வாங்க வேண்டுமா?

சார், திருப்பாதிரிப்புலியூர் வீட்டு கம்ப்யூட்டரில் மூலையில் "வைரஸ் பிடித்துவிட்டது" என்று பெட்டி வந்துகொண்டே இருக்கிறது, எந்த ஆன்டி ஸ்பைவேர் (நம்மை வேவு பார்க்கும் புரோகிராம்களைப் பிடிக்கும் மென்பொருள்) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் காசு கொடுத்து எதுவும் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் வீட்டில் யாரோ ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்டபோது 'அலோ' அழுத்தியதால் வருவது. குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய்த் தெரியாத தளங்களையெல்லாம் நீக்குங்கள், எக்ஸ்டென்ஷன்களையும் (குரோமில் கூடுதலாகச் சேர்த்த சின்ன புரோகிராம்கள்) ஒரு பார்வை பாருங்கள். பெட்டியில் போன் நம்பர் இருந்தால் தயவுசெய்து கூப்பிடாதீர்கள், பணம் பறிக்கத்தான் அது.

அப்புறம், விண்டோஸ் 10, 11 இரண்டிலுமே மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கூடவே வருகிறது, வீட்டுக்கு அதுவே போதும் என்பேன். அதில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு, விண்டோஸ் முழுசாக எழுவதற்கு முன்பே தேடுவதால் ஒளிந்திருப்பதும் சிக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு முறை சரிபார்க்க வேண்டுமென்றால் மால்வேர்பைட்ஸ் என்ற ஸ்கேன் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். சோதனைக் காலம் முடிந்ததும் நாம் ஓட்டினால்தான் ஓடும், டிஃபெண்டரோடு மோதாது.

பாண்டிச்சேரி கடையில் கிராக் (லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு) ஆன்டிவைரஸ் போட்டுத் தருகிறேன் என்றார்களாமே, வேண்டவே வேண்டாம், ஸ்பைவேர் உள்ளே வரும் வழியே பல நேரம் அதுதான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, உங்களுடையது அதுவானால் 11-க்கு மாற முடியுமா பாருங்கள். பேங்க் பாஸ்வேர்டை மட்டும் இன்றே போனிலிருந்து மாற்றிவிடுங்கள்.