பைக் எஞ்சினைப் பக்கியில் (buggy, சின்ன நான்கு சக்கர வண்டி) வைத்தால் ஏன் பெட்ரோல் சரியாக வருவதில்லை?

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) உள்ள பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையாலேயே இறங்குகிறது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவது போலத்தான்.

பக்கியில் டேங்க் பெரும்பாலும் சீட்டுக்குப் பின்னால், கார்புரேட்டர் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ போய்விடும். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது) ஓடும் எஞ்சின், ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் திணறி அணைந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னக் கிண்ணம் காலியாகும் வேகத்துக்கு நிரம்புவதில்லை.

டேங்கை உயர்த்த இடமிருந்தால் அதுவே எளிது. இல்லையென்றால் குறைந்த அழுத்தப் பம்ப் வேண்டும். அப்புறம், டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உருவாகி, எந்த ஏற்பாடும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கார்புரேட்டரைச் சாய்க்காமல் பொருத்துவதும் முக்கியம்.

பவர்ஃபுல் பம்ப் போட்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஓர் அடி உயரத்திலிருந்து இறங்கும் பெட்ரோலின் அழுத்தம் சுமார் 0.3 பிஎஸ்ஐதான் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு). இன்ஜெக்‌ஷன் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும்) வண்டிக்கான, 40 பிஎஸ்ஐ தரும் பம்ப்பை மாட்டினால் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் வெளியே வழியும், தீப்பிடிக்கவும் கூடும்.