அழுதும் பாரம் குறையவில்லையே – கடிதம்

வணக்கம்.

அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. தூக்கம் கெட்டுப்போனதால் வாரம் ஒருமுறை கவுன்சலிங் போகிறேன். மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரியில் கழிந்த கடைசி நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அடக்க முடியாமல் அழுதேன். நேரம் முடிந்துவிட, அப்படியே எழுந்து பஸ் ஏறிவிட்டேன். இரண்டு நாள் தலைவலி. நான்காம் வாரம் போய் உட்கார்ந்தால் மரத்துப்போன மாதிரி இருந்தது, எதுவுமே தோன்றவில்லை. அண்ணன் மேல் உள்ள கோபம் மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது. அழுதால் பாரம் குறையும் என்பார்களே, எனக்கு ஏன் கூடியது? நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

இப்போது நிறுத்த வேண்டாம். பலரும் நின்றுவிடுவது சரியாக இந்த இடத்தில்தான்.

அழுதால் பாரம் குறையும் என்பது பாதி உண்மை. ஆலோசனை அறையில் அழுகைக்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது: இது எதற்கான அழுகை என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பது. வழக்கமான ஐம்பது நிமிடத்தில் கடைசிப் பத்து நிமிடம் புதிதாக எதையும் கிளறாமல் ஆற விட வேண்டும். உங்களுக்கு அது கிடைக்கவில்லை. புண்ணைக் கழுவிவிட்டுக் கட்டுப் போடாமல் அனுப்பிய கதை.

அடுத்த வாரம் வந்த மரப்பு அதன் தொடர்ச்சியாக இருக்கலாம். டேனியல் சீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1999இல், உணர்ச்சியை நம்மால் தாங்க முடிகிற எல்லையை ஒரு ஜன்னலாக உருவகித்தார். மேல்விளிம்பைத் தாண்டினால் படபடப்பு, அடங்காத அழுகை. கீழே நழுவினால் மரப்பு, அசதி, ‘ஒன்றுமில்லை’ என்ற பதில். உணரவும் யோசிக்கவும் சேர்ந்து முடிவது நடுவில் மட்டுமே. மரத்துப்போனவரை மறுபடி அழவைக்க முயல்வது ஆலோசகர்கள் செய்யும் தவறுகளில் ஒன்று. அது இன்னும் கீழேதான் தள்ளும்.

அண்ணன் மேல் உள்ள கோபத்துக்கு வருகிறேன். உணர்ச்சியை மையமாக வைத்த சிகிச்சையை உருவாக்கியவர்களில் ஒருவரான லெஸ்லி கிரீன்பெர்க், முதல் உணர்ச்சியையும் அதை மூடிக்கொண்டு வரும் இரண்டாம் உணர்ச்சியையும் பிரித்துக் காட்டுவார். துக்கத்தைத் தாங்குவதைவிடக் கோபப்படுவது எளிது. எத்தனை முறை கொட்டினாலும் ஒரே வார்த்தைகளில் சுற்றிச் சுற்றி வந்தால், அடியில் வேறு ஏதோ இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் எல்லாக் கோபமும் மூடி அல்ல. அண்ணன் கடைசிவரை எட்டிப் பார்க்காதவராக இருந்தால் அது நியாயமான கோபம். அதற்கும் அந்த அறையில் இடம் உண்டு.

எது எது என்று எப்படித் தெரியும்? சிகாகோவில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸுடன் பணியாற்றிய யூஜின் ஜென்ட்லின், பதிவுசெய்யப்பட்ட அமர்வுகளை ஆராய்ந்தார். தேறியவர்களிடம் அவர் கண்டது ஒரு வகைத் தடுமாற்றம். “கோபம்னு... இல்ல, கோபம் இல்ல... இங்க ஏதோ அடைச்ச மாதிரி...” என்று உடம்புக்குள் துழாவி, சரியான சொல் கிடைத்ததும் ஒரு பெருமூச்சு. நெஞ்சடைக்கிறது, வயிறு கலங்குகிறது, தொண்டையில் நிற்கிறது என்று நமக்கு இதற்குச் சொற்பஞ்சமே இல்லை. ‘டிப்ரஷன்’ என்று சொல்வதைவிட இவை ஆலோசகருக்கு அதிகம் உதவும்.

ஐந்தாம் வாரம் முதல் ஐந்து நிமிடத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்: “போன தடவைக்கு முந்தின தடவை அழுதது எனக்கு அதிகமாயிடுச்சு. இனிமே நான் கையைத் தூக்கினா நிறுத்திடுங்க. கடைசிப் பத்து நிமிஷம் அப்பா பேச்சு வேண்டாம்.” சங்கடப்படத் தேவையில்லை. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர் என்றால் ஆளை மாற்றலாம்.

நடுவில் பாரம் ஏறினால் பாதங்களைத் தரையில் அழுத்தி, அறையில் தெரியும் ஐந்து பொருட்களை மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

முடிந்ததும் உடனே பஸ் ஏறாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள்.