கழுத்து நோவுக்கும் நித்திரையின்மைக்கும் அக்குபங்சர் செய்து பார்க்கலாமா?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை செய்கிறாராம். கழுத்து நோ, நித்திரைக் குறைவு. "சீன வைத்தியம் உடம்பை நாளாந்தம் பேண உதவுமா, இல்லை வெறும் நம்பிக்கைதானா" என்று கேட்டிருக்கிறார்.

அக்குபங்சர் என்பது உடம்பில் மெல்லிய ஊசி குத்துகிற சீன வைத்தியம். நான் வைத்தியர் இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருபத்திரண்டு வருடமாக உடுப்புத் தைக்கிறேன். ஊசியால் சோறு தின்கிற நானே ஊசிக்குப் பயந்து ஆறு மாதம் கழுத்தைத் திருப்பாமல் திரிந்தேன்.

கலியாணக் காலம், சாரிச் சட்டை மலைபோலக் குவிந்து கிடந்தது. வலது தோளில் தொடங்கிய உளைவு பிடரி வரைக்கும் ஏறிவிட்டது. பனடோல், சித்தாலேப, நொச்சி இலை ஒத்தணம் எல்லாம் நடந்தது. பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் பிழை இல்லை, தசைப்பிடிப்புத்தான் என்று பயிற்சி காட்டி அனுப்பினார்கள். பயிற்சியை மூன்று நாளோடு விட்டது என் பிழை.

ஜேர்மனியில் இருக்கிற அண்ணாதான் ஒருநாள் போனில், "எனக்கு நாரிப்பிடிப்புக்கு இஞ்ச டொக்டரே ஊசி குத்துறார். காசு காப்புறுதி கட்டுது. நீயும் ஒருக்கால் போய்ப் பார் பிள்ளை" என்றார். உண்மைதான். நாட்பட்ட நாரி நோவுக்கும் முழங்கால் தேய்வுக்கும் அக்குபங்சர் செய்தால் அங்கே 2007 முதல் பொதுக் காப்புறுதி காசு கொடுக்கிறது. இலங்கைக்கும் இது புதிதில்லை. களுபோவிலை ஆஸ்பத்திரியில் வைத்தியர் அன்ரன் ஜெயசூரிய பல வருடம் இதைச் செய்தவர், வெளிநாட்டுக்காரருக்கும் படிப்பித்தவர்.

நான் போன இடத்தில் இருந்தது ஒரு பெண் வைத்தியர். நாக்கை நீட்டச் சொன்னா. பிறகு இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பரியாரியாரும் இப்படித்தான் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், சேத்துமம் என்று சொல்வார். சீனர் அந்த மூன்று இடத்திலும் வேறு கணக்குப் பார்க்கிறார்கள். உடம்பில் 'சி' என்ற உயிர்ச்சக்தி 14 பாதைகளில் ஓடுகிறதாம், அவற்றில் 361 புள்ளிகளாம். வெட்டிப் பார்த்தால் அந்தப் பாதை ஒன்றும் தெரியாது. அது அவர்கள் உடம்பை விளங்கிக்கொண்ட விதம்.

ஊசியை எனக்கு முன்னாலேயே பைக்கற்றைப் பிரித்து எடுத்தா. நான் மெசினில் போடுகிற 14ஆம் நம்பர் ஊசி 0.9 மில்லிமீற்றர் தடிப்பு. இது 0.25. சின்னப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு மேலே விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். குத்தினது தெரியவில்லை. ஆனால் மெல்லத் திருகியபோது தோளுக்குள் ஈயக்குண்டு வைத்தது போல ஒரு கனம் இறங்கிப் பரவியது. "வந்திட்டுதா அக்கா?" என்று கேட்டா. அந்தக் கனத்துக்குச் சீனத்தில் 'தெ சி' என்று பெயர், சி வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிடரியில் இரண்டு, தோளில் இரண்டு, சின்னவிரல் பக்கமாகக் கைவிளிம்பில் ஒன்று. பிறகு விளக்கை அணைத்துவிட்டு அரை மணித்தியாலம் விட்டுவிட்டா.

அன்றிரவு ஒன்பது மணிக்கே படுத்துவிட்டேன். கழுத்து விட்டுக்கொடுத்தது நாலாவது தரத்துக்குப் பிறகுதான். மொத்தம் ஆறு தரம் போனேன்.

ஊசியால்தான் சுகம் வந்ததா என்று கேட்டால் ஓம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். 2007இல் ஜேர்மனியில் வெளியான ஓர் ஆய்வில் நாட்பட்ட நாரி நோ உள்ள 1162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குச் சரியான புள்ளிகளில் ஊசி. இன்னொரு பகுதிக்குப் புள்ளி இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மற்றவர்களுக்கு வழமையான மருந்தும் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதலாம் பகுதியில் நூற்றுக்கு ஏறக்குறைய 48 பேருக்கு நல்ல முன்னேற்றம், இரண்டாம் பகுதியில் 44, மூன்றாம் பகுதியில் 27. அதாவது ஊசி உதவியிருக்கிறது. புள்ளிக் கணக்கு அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை. பிள்ளைகளும் போனும் வாடிக்கையாளரும் இல்லாமல் அரை மணித்தியாலம் இருட்டில் கிடந்ததற்கும் ஒரு பங்கு உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் நித்திரைக்கு உதவினாலும் அந்த வழியால்தான் உதவும் என்று நினைக்கிறேன்.

நாளாந்தம் பேணுவது பற்றிக் கேட்டீர்கள். நான் கையில் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. கொழும்பு பஸ்ஸில் எனக்குச் சத்தி வரும். உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு நரம்பு விடைத்து நிற்கிற இடத்துக்கு நடுவே, பெருவிரலால் அழுத்திப் பிடிப்பேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வருகிற சத்திக்கே இந்தப் புள்ளியை ஆராய்ந்து பயன் கண்டிருக்கிறார்கள். பஸ்ஸுக்கு என் சாட்சி மட்டும்தான், வவுனியா வரைக்கும் தாங்குகிறது.

இனிக் கசப்பான பக்கம். என் கழுத்து சுகப்பட்டதைப் பார்த்து அம்மாவும் முழங்காலுக்கு ஊசி வேண்டும் என்றா. தூரம் என்று வேறோர் இடத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்தவர், "சீனிக் குளிசையை நிப்பாட்டுங்கோ அம்மா, இதிலேயே எல்லாம் சரிவரும்" என்றிருக்கிறார். அம்மா எனக்குச் சொல்லாமலே நிப்பாட்டிவிட்டா. பதினொரு நாள் கழித்துத் தலைச்சுற்று. சோதித்தால் சீனி 380. கிளினிக்கில் ஏச்சு வாங்கியது நான். சீனிக்கோ பிரஷருக்கோ குளிசையை விடச் சொல்கிற இடத்திலிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு எழும்பிவிடுங்கள்.

சீன மூலிகைகள் பற்றி, கைதடியில் சித்த மருத்துவம் படித்த என் பெறாமகள் சொன்னது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் சீனத்துப் பழைய மருந்துக் குறிப்பிலிருந்து வந்தது; அதற்காகத் தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வேறொரு சீன மூலிகை கலந்த, உடம்பு மெலிவதற்கான குளிசையை 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் விழுங்கிய பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் போனது. காரணம் அரிஸ்டொலோக்கிக் அமிலம். எங்கள் ஆடுதின்னாப்பாளையும் அந்த இனத்துச் செடிதான். ஆகவே இணையத்தில் வாங்குகிற பெயர் தெரியாத பொட்டலம் வேண்டாம்.

கை விறைத்தால், பிடித்த பொருள் நழுவினால் ஊசிக்குப் போக முதல் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுத்தால் ஊசி குத்துகிறவருக்குச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தலை சுற்றும். தோளிலும் நெஞ்சிலும் ஆழமாகக் குத்த விடாதீர்கள், கீழே நுரையீரல் இருக்கிறது.

ஒன்றை மறந்துவிட்டேன். மூன்றாவது தரம் போனபோது அந்தப் பெண், "அக்கா, உங்கடை மெசின் மேசை எவ்வளவு உயரம்?" என்று கேட்டா. ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காத கேள்வி. வீட்டுக்கு வந்த அன்றே என் கணவர் மேசையின் நாலு காலுக்கும் பலகைத் துண்டு வைத்து இரண்டு அங்குலம் உயர்த்தித் தந்தார். நாலாவது தரம் சுகம் கண்டது அதற்குப் பிறகுதான். உங்கள் வங்கிக் கொம்பியூட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது?