ஒரு பக்கம் மட்டும் வற்றும் மார்பு – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உடற்பயிற்சி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு வயது 32. ஈரோடு பக்கம் ஒரு விசைத்தறிப் பட்டறையில் கணக்கு பார்க்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்து ஜிம்முக்குப் போகிறேன். போட்டிக்கெல்லாம் போனதில்லை. ஆனால் பெஞ்ச் பிரஸ்ஸில் நூறு கிலோ வரை போட்டிருக்கிறேன்.

ஆறேழு மாதமாக இடது பக்க மார்பு வற்றிக்கொண்டே போகிறது. முதலில் கண்ணாடி முன்னால் வெளிச்சம் சரியில்லை என்று நினைத்தேன். இப்போது பனியன் போட்டாலே தெரிகிறது. வலி இல்லை, அடிபடவும் இல்லை. (தீபாவளி சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. அதற்கப்புறம் ஒரு வாரம் போல இடது தோளில் ராத்திரி தூங்கவே முடியாத வலி. தானாகவே சரியாகிவிட்டது.) எலும்பு மருத்துவர் தோளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, கிழிசல் எதுவும் இல்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார். ஜிம் மாஸ்டர் இடது பக்கத்துக்கு இரண்டு மடங்கு வேலை கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன், இன்னும் இளைத்ததுதான் மிச்சம். இரண்டு பக்கமும் ஒன்றாகவாவது இருக்கட்டும் என்று வலது பக்கப் பயிற்சியையும் நிறுத்திவிட்டேன். ஒரு நண்பர் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்.

எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை அண்ணா. பங்குனியில் மாரியம்மன் பண்டிகைக்கு வருடா வருடம் தீர்த்தக்குடம் எடுப்பேன். இந்த முறை சட்டையில்லாமல் நிற்க மனம் வராமல் சாக்கு சொல்லிவிட்டேன். ஜிம்மையே விட்டுவிடலாமா? பெயர் வேண்டாம்.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

'எங்கே தப்பு செய்தேன்' என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஜிம்மில் வருடக்கணக்கில் இருப்பவர்கள் மனதில் ஒரு கணக்கு பதிந்துவிடும். உழைத்தால் வளரும், வளரவில்லை என்றால் உழைப்பு போதவில்லை. பெரும்பாலும் அது சரியான கணக்குதான். ஆனால் தசைக்கு நரம்பிலிருந்து கட்டளை வந்துகொண்டே இருந்தால்தான் அது பலிக்கும். மின்சாரம் இல்லாத தறியில் எவ்வளவு நல்ல நூலைக் கோத்தாலும் துணி இறங்காது என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சோம்பலால் இளைத்தால் இரண்டு பக்கமும் இளைக்கும். பயிற்சி செய்துகொண்டிருக்கும்போதே, ஒரே பக்கத்தில், சில மாதங்களில் தசை வற்றுகிறது என்றால் அங்கே வேறு ஏதோ நடக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு அனுப்பிய வரிகளைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. காய்ச்சல், அதற்கப்புறம் ராத்திரி தூங்கவிடாத தோள்வலி, வலி அடங்கியபின் தசை வற்றுவது. இதே வரிசையில் வரும் ஒரு நோய் உண்டு. 1948இல் பார்சனேஜ், டர்னர் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் அதை விரிவாக எழுதினார்கள். பார்சனேஜ்–டர்னர் நோய் என்றே சொல்கிறார்கள். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றையில் திடீரென அழற்சி வருகிறது. பலருக்கு அதற்கு முன்னால் ஒரு தொற்றோ, அறுவை சிகிச்சையோ, வழக்கத்தை மீறிய உடலுழைப்போ இருந்திருக்கும். சில நாளோ சில வாரமோ கடும் வலி. வலி போனதும் ஆள் நிம்மதியாகிவிடுகிறார். பலவீனமும் மெலிவும் அதற்குப் பிறகுதான் கண்ணில் படுகின்றன. அதனால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. எடை தூக்குபவர்களுக்குத் தோள்வலி புதிதா என்ன? மருத்துவரிடம் அந்த வலியைச் சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. கழுத்துத் தண்டுவடத்திலிருந்து வெளியே வரும் நரம்பு வேரை ஒரு டிஸ்க் அழுத்தினாலும் மார்பும் கையின் பின்பக்கத் தசையும் பலமிழக்கலாம். தோளுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கழுத்து தெரியாது. மார்புத் தசைக்கென்றே இரண்டு நரம்புகள் இருக்கின்றன. ஒன்று பெரும்பாலும் காறை எலும்பை ஒட்டிய மேல்பகுதிக்கும் மற்றது கீழ்ப்பகுதிக்கும் போகின்றன. கீழ்ப்பகுதிக்குப் போகும் நரம்பு, பெரிய மார்புத் தசைக்கு அடியில் இருக்கும் சின்ன மார்புத் தசையைப் பல பேருக்குத் துளைத்துக்கொண்டுதான் வருகிறது. எடை தூக்கித் தூக்கி அந்தச் சின்னத் தசை பருத்து நரம்பை நெரிக்கலாம் என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் உங்களுக்கு வற்றியிருப்பது மேல்பாதியா, கீழ்ப்பாதியா, முழுவதுமா என்பது முக்கியம். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து அழுத்தி, கண்ணாடியில் பாருங்கள். அப்போது இறுகுவது கீழ்ப்பகுதி.

பிறவியிலேயே ஒரு பக்க மார்புத் தசை இல்லாமலோ குறைந்தோ இருப்பதும் உண்டு. லண்டன் கைஸ் மருத்துவமனையில் 1841இல் இதை எழுதிய ஆல்ஃபிரட் போலந்தின் பெயரால் அதைச் சொல்கிறார்கள். ஜிம்முக்கு வந்து ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் வளராதபோதுதான் சிலர் அதைக் கவனிக்கிறார்கள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அப்படி இருக்கலாம். உங்களுக்கு இரண்டு பக்கமும் சமமாக இருந்து பிறகு வற்றியிருக்கிறது, எனவே அது இல்லை. பரம்பரையாக வரும் சில தசை நோய்களும் மார்பில் தொடங்குவது போலத் தெரியலாம். மருத்துவர் உங்கள் முகத்தையும் தோள்பட்டை எலும்பையும் பார்த்து, குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் பயப்பட வேண்டாம். அதை விலக்கத்தான் கேட்கிறார்.

அடுத்து நீங்கள் போக வேண்டியது நரம்பியல் மருத்துவரிடம். எலும்பு மருத்துவர் கிழிசலைத் தேடினார், கிழிசல் இல்லை. அவர் வேலை அதோடு முடிந்தது. நரம்புக் கடத்தல் சோதனையும் (நரம்பில் மின்சமிக்ஞை சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது) ஈ.எம்.ஜி.யும் எடுக்கச் சொல்வார்கள். ஈ.எம்.ஜி. என்றால் தசைக்குள் மெல்லிய ஊசியைச் செருகி அதன் மின்னோட்டத்தைப் பார்ப்பது. கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளலாம். நரம்பு பாதித்து மூன்று வாரம் ஆன பிறகுதான் அதில் மாற்றங்கள் தெளிவாகத் தெரியும். நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். ஈரோட்டிலோ கோவையிலோ நரம்பியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அங்கே விடை கிடைக்காவிட்டால் வேலூர் சி.எம்.சி.யும் பெங்களூரு நிம்ஹான்ஸும் ஒரு ராத்திரிப் பயணம்தான்.

தள்ளிப்போடாதீர்கள். அறுந்த நரம்பு இழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், மாதத்துக்கு ஓர் அங்குலம். நரம்பே இல்லாமல் ஒன்று ஒன்றரை வருடம் கிடந்த தசை கொழுப்பாக மாறத் தொடங்கி, பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் சரியாக ஏற்காது. பார்சனேஜ்–டர்னராக இருந்தால் பெரும்பாலானவர்களுக்குக் கணிசமாகத் திரும்பி வருகிறது. சிலருக்கு அதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகிறது, எல்லோருக்கும் முழுதாக வருவதும் இல்லை. நம்பிக்கை கொடுப்பதற்காக இதை நான் மறைக்க விரும்பவில்லை.

நண்பர் சொன்ன ஊசி வேண்டாம். ஜிம்மில் விற்கும் ஸ்டீராய்டு நரம்பை வளர்க்காது. வலது மார்பு இன்னும் பெருத்து வித்தியாசம் கூடும், உடம்பு தானாகச் சுரக்கும் ஹார்மோனும் படுத்துவிடும். நரம்பியல் மருத்துவர் ஒருவேளை ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால் அது அழற்சிக்கானது, முற்றிலும் வேறு மருந்து. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜிம்மை விடாதீர்கள். பார்பெல் பெஞ்ச் பிரஸ்ஸை மட்டும் இப்போதைக்கு நிறுத்துங்கள். இடது மார்பு தூக்காத எடையை முன்தோளும் கையும்தான் தூக்குகின்றன, தோள் கெட்டுப்போகும். பார் ஒரு பக்கம் சாய்ந்தால் ஆபத்து வேறு. இடது பக்கத்துக்கு இரண்டு மடங்கு வேலை என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் லேசான அசைவுகள் போதும். ஸ்குவாட்டையும் முதுகுப் பயிற்சியையும் பிடியையும் தோள்பட்டையையும் தொடருங்கள். வலது பக்கத்தைப் பட்டினி போட்டது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஒரு பக்கத்தைப் பயிற்றுவித்தால் மறுபக்கத்துக்கும் கொஞ்சம் பலம் போகிறது என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1894லேயே கண்டிருக்கிறார்கள். நரம்பிழந்த தசையின் பருமன் அதனால் திரும்பாது, உண்மைதான். ஆனால் வலது பக்கத்தைக் குறைத்து இடது பக்கத்துக்கு நீங்கள் எதையும் சேர்க்கப் போவதில்லை.

பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் வீரர் பெய்டன் மேனிங்குக்குக் கழுத்து நரம்புப் பிரச்சினையால் எறியும் கையே பலமிழந்தது. 2011இல் கழுத்தில் அறுவை சிகிச்சை. அந்த சீசன் முழுவதும் ஆடவில்லை. கை பழையபடி ஆகாமலேயே மறுபடி ஆட வந்து, எறியும் விதத்தை மாற்றிக்கொண்டு, 2013 சீசனில் 55 டச்டவுன் பாஸ்கள் (அணிக்குப் புள்ளி வாங்கித் தரும் எறிதல்கள்) எறிந்தார். அமெரிக்கக் கால்பந்து லீகில் அதற்கு முன் ஒரே சீசனில் யாரும் அத்தனை எறிந்ததில்லை. போன பலத்துக்காகக் காத்திருக்காமல், இருக்கும் பலத்தை வைத்து அவர் ஆடினார். ஜிம் நோட்டில் நீங்களும் பெஞ்ச் பிரஸ் பக்கத்தை மூடிவிட்டு, தரையிலிருந்து எடையைத் தூக்கி நிற்கும் டெட்லிஃப்டுக்குப் புதுப் பக்கம் தொடங்கலாம், மருத்துவர் சரி என்றால்.

துக்கமாக இருக்கிறது என்றால் இருக்கட்டும். பல வருடம் பாடுபட்டுச் சேர்த்தது கண் முன்னால் கரைவதை 'வெறும் அழகுப் பிரச்சினை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. யாராவது கேட்டால் 'நரம்புல கோளாறு, வைத்தியம் பாக்கறேன்' என்று சொன்னால் போதும், அதற்கு மேல் யாரும் குடைய மாட்டார்கள். அடுத்த பங்குனிக்குக் குடம் எடுங்கள். தலைச்சுமைக்குத் தோள் ஒத்துழைக்குமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது பழைய படங்களைத் தேதியோடு எடுத்துப் போங்கள். காய்ச்சல் என்றைக்கு, வலி என்றைக்கு, மெலிவு என்றைக்குக் கண்ணில் பட்டது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் எந்த நரம்பு, எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அடுத்த ஈ.எம்.ஜி. எப்போது என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.