காருக்குத் தனியாக அலாரம் வாங்கிப் பொருத்த வேண்டுமா? கேள்வி பதில்

குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, ஆட்டோ எலக்ட்ரிக்கல் பணியில் உள்ளவன் என்ற முறையில் இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி (வடசேரி): ஐயா, புதிய கார் வாங்கியிருக்கிறேன். சாவியிலேயே ரிமோட் உள்ளது. இருந்தாலும் தனியாக ஓர் அலாரம் போட்டுக்கொள்வது நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: முதலில் உங்கள் காரில் இம்மொபிலைசர் இருக்கிறதா என்று பாருங்கள். சாவியின் பிடிக்குள் இருக்கும் சிறிய மின்னணுச் சில்லின் குறியீட்டை காரின் கணினி சரிபார்த்து, பொருந்தினால் மட்டுமே எஞ்சினை இயங்க விடும் ஏற்பாடு அது. மாருதி நிறுவனம் இதனை ஐகாட்ஸ் என்று அழைக்கிறது. பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு இதற்கென்றே இருக்கும். கார் கையேட்டிலும் விவரம் கிடைக்கும். காரை ஓட்டிச் செல்ல விடாமல் தடுப்பது இந்த இம்மொபிலைசர்தான். சைரன் ஆளைக் கூப்பிடுமே தவிர வண்டியை நிறுத்தாது. இம்மொபிலைசரும் சென்ட்ரல் லாக்கும் உள்ள காருக்குத் தனி அலாரம் தேவையில்லை என்பதே என் கருத்து. கண்ணாடியை உடைத்துப் பையை எடுப்பதை இம்மொபிலைசர் தடுக்காது என்பது உண்மைதான். அதற்குச் சிறந்த வழி, இருக்கையில் பையை வைத்துவிட்டுப் போகாமல் இருப்பது. அப்படியும் சைரன் வேண்டுமென்றால், அந்தந்தக் கார் நிறுவனமே தரும், வயரை வெட்டாமல் கப்ளரில் (காரிலேயே உள்ள வயர் இணைப்பான்) செருகக்கூடிய பொருளையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (கருங்கல்): அண்ணாச்சி, அப்பா ஓட்டிய பழைய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. சாதாரண இரும்புச் சாவிதான். வீட்டுக்குள் நிறுத்த இடமில்லாததால் ரோட்டோரமாகவே நிற்கிறது. இதற்கு அலாரம் போடலாமா?

பதில்: உங்களுக்கு அவசியம் போடச் சொல்வேன். ஆனால் சத்தம் எழுப்புவதோடு நிற்காமல், எஞ்சினைத் தடுக்கும் ரிலேயும் (மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அதில் இருக்க வேண்டும். எந்த இணைப்பைத் துண்டிப்பது என்பதில்தான் கவனம் தேவை. செல்ஃப் மோட்டாரின் இணைப்பை மட்டும் துண்டித்தால், கியர் வண்டியாகையால் நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்துவிட முடியும். உங்கள் வண்டி எம்.பி.எஃப்.ஐ. (கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வகையாக இருந்தால் பெட்ரோல் பம்புக்குச் செல்லும் இணைப்பையும், கார்புரேட்டர் வகையாக இருந்தால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் இணைப்பையும் துண்டிப்பதே பயன் தரும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ரிலே தவறாகச் செயல்பட்டு, மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால், பின்னால் வரும் பேருந்துக்கு விலகிச் செல்லவும் இடமிருக்காது. பிரேக் பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் கருவி) உள்ள வண்டியானால், பெடலை ஓரிரு முறை மிதித்த பிறகு அதன் உதவியும் கிடைக்காது. ஆகவே சாவியை அணைத்த பிறகு மட்டுமே தடுப்பு செயலுக்கு வரும்படியான அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஓடும் வண்டியை ரிமோட்டால் நிறுத்தலாம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அந்த வசதியை இணைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். உடன் பயணிப்பவர்களின் உயிரைவிடக் கார் பெரிதல்ல.

கேள்வி (குளச்சல்): ஐயா, முன்பு பொருத்திய அலாரம் ஒரு மழைக்காலத்திற்குப் பிறகு தானாக அலறத் தொடங்கியது. பெட்டியை மாற்றியும் சரியாகவில்லை. இன்னொரு கம்பெனியின் அலாரம் வாங்கலாமா?

பதில்: கம்பெனியை மாற்றுவதற்கு முன் இணைப்புகளைப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஓடும் வண்டிகளில் டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியைக் கழற்றினால் நான் அடிக்கடி காண்பது இதுதான்: காரின் மூல வயரைச் சுரண்டி, அலாரத்தின் வயரை அதன்மேல் முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றியிருப்பார்கள். வெயிலில் டேப்பின் பசை இளகி, சுற்று ஒரு பக்கமாக நழுவியிருக்கும். உள்ளே தாமிர இழைகள் பச்சைக் களிம்பேறி, விரலால் தொட்டாலே பொடியாக உதிரும். உப்புக் காற்றும், ஆண்டுக்கு இருமுறை வரும் பருவமழையும் சேரும் நம் மாவட்டத்தில் முறுக்கி ஒட்டிய இணைப்பு நீடிக்காது. கதவு சுவிட்சின் வயர் அப்படிக் களிம்பேறி, தொடர்பு விட்டு விட்டுக் கிடைத்தால், கதவு திறக்கப்படுவதாக எண்ணி அலாரம் அலறும். ஒவ்வோர் இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடாக்கினால் சுருங்கும் குழாய் உறையை மேலே போடச் சொல்லுங்கள். பானெட்டுக்குள் இருக்கும் சைரனின் வாய் கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்காது.

கேள்வி (தக்கலை): கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அவர் ஊரில் இல்லாத மாதங்களில் கார் ஷெட்டிலேயே நிற்கிறது. அலாரம் போட்டால் பாட்டரி இறங்கிவிடும் என்கிறார்களே?

பதில்: அவர்கள் சொல்வது சரிதான், சகோதரி. அலாரம் 20 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர் மணி. ஒரு மாதத்தில் 15 ஆம்பியர் மணி அளவு போய்விடும். சிறிய கார்களின் பாட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர் மணிதான். கார் தானே எடுக்கும் மின்சாரம் வேறு இருக்கிறது. வாரத்திற்கு ஒரு முறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுவதற்கு நம்பிக்கையான ஆள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி வையுங்கள். காரோடு வந்த இம்மொபிலைசர் அப்போதும் காரைக் காக்கும், ஏனெனில் வேறு பாட்டரியை மாட்டினாலும் சரியான சாவி இல்லாமல் எஞ்சின் இயங்காது. பூட்டிய ஷெட்டில் நிற்கும் காருக்கு இவ்வளவே போதும்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): காற்று அடிக்கும் மாதங்களில் இரவெல்லாம் அலாரம் கத்துகிறது. பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: அதிர்வை உணரும் ஷாக் சென்சாரின் உணர்திறனைக் குறையுங்கள், பெரும்பாலானவற்றில் சிறு திருகு ஒன்று இருக்கும். சென்சார் வயர்க் கட்டில் தொங்கிக்கொண்டிருந்தால் அதை உறுதியான உலோகப் பகுதியில் திருகிப் பொருத்தச் சொல்லுங்கள். கோயில் கொடை, திருவிழா நாட்களில் வெடி போடும்போது சென்சாரை மட்டும் அணைத்து வைக்கலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிக் கட்டுப்பாட்டுக்குரிய நேரம் என்பதையும், அடிக்கடி வீணாகக் கத்தும் அலாரத்தை உண்மையான திருட்டின்போது ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (மார்த்தாண்டம்): அலாரம் போட்டால் இன்சூரன்ஸ் கட்டணம் குறையுமா?

பதில்: புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. (வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பு) அங்கீகரித்த கருவியாகவும், பொருத்தியதற்கான சான்று உள்ளதாகவும் இருந்தால், சொந்தச் சேதப் பிரிவின் கட்டணத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி என்பது பழைய மோட்டார் கட்டண விதியில் இருந்தது. இந்தச் சிறு தொகைக்காக அலாரம் வாங்குவதில் பொருளில்லை. திருட்டு நடந்தால் காப்பீட்டு நிறுவனம் இரண்டு அசல் சாவிகளையும் கேட்கும். இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

கேள்வி (களியக்காவிளை): அலாரத்திற்குப் பதிலாக ஜி.பி.எஸ். போடலாமா?

பதில்: ஜி.பி.எஸ். திருட்டைத் தடுக்காது, வண்டி போன இடத்தைச் சொல்லும். எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் உங்களுக்கு அது பயன்படக்கூடும். ஆனால் அந்தக் கருவியில் உள்ள சிம் கார்டின் கட்டணத்தை விடாமல் செலுத்த வேண்டும்.

கேள்வி (திங்கள்நகர்): கடையில் பொருத்தி முடித்ததும் நாங்கள் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: பணம் கொடுப்பதற்கு முன் டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியை மூடாமல் காட்டச் சொல்லுங்கள். மஞ்சள் உறையிட்ட வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை; அவற்றில் யாரும் கை வைத்திருக்கக் கூடாது. பாட்டரியிலிருந்து வரும் வயரில், பாட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ரிமோட்டை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீடு மாறும் வகைதானா என்று கேளுங்கள். மாறாத குறியீட்டை ஒருவர் பதிவு செய்து திரும்ப அனுப்பிவிட முடியும். பிறகு காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, ரிமோட்டால் பூட்டி, சாவியைத் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் இயங்கிவிட்டால் வேலை முடியவில்லை என்று பொருள்.