அரைப்பேர் என்றால் பாதிப் பெயரா?

கேள்வி: "இன்றைக்கு அரைப்பேர்தான் கிடைத்தது" என்று அம்மா சொன்னதைக் கேட்ட என் கொழும்புத் தோழி, பெயரைப் பாதியாக எழுதிவிட்டார்களா என்று வியந்தாள். பேர், மலை, துண்டு போன்ற சாதாரணச் சொற்களைத் தேயிலைத் தோட்டத்தில் வேறு பொருளில் வழங்குவது பிழையா?
- வாசகி, ஹட்டன்

பதில்: பிழையன்று. ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாக வருவதைத் தொல்காப்பியம் மொழியின் இயல்பாகவே கொண்டு, எப்பொருள் என்பதை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்கிறது. 'மா பூத்தது' என்றால் மரம்; 'மா ஓடியது' என்றால் விலங்கு. 'மா வீழ்ந்தது' என்னும்போதுதான் மாமரம் என்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேரும் அப்படித்தான். பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம், பத்துப் பேர் வந்தார்கள் என்கிறோம், நன்றாகப் பாடுகிறவர் பேர் எடுக்கிறார். தோட்டத்திலோ, செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் தொழிலாளியின் பெயருக்கு நேரே அன்றைய வேலை பதிவானால்தான் நாட்சம்பளம் என்பதால், பெயர் என்பதே ஒருநாள் வேலையையும் அதற்குரிய கூலியையும் குறிக்கலாயிற்று. கொழுந்தை நிறுக்கும்போது குறித்த கிலோ சேராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. செக்ரோலில் பேர் போடுவதுபோலவே கலியாணக் கார்டிலும் 'பேர் போடுவார்கள்' என்பதால் இங்கே வினை மட்டும் போதாது, சார்பும் வேண்டும். உங்கள் தோழிக்கு அந்தச் சார்பு தெரியாததே குழப்பத்துக்குக் காரணம்.

சாமி மலையேறினால் ஆடியவரை விட்டு அருள் நீங்கிவிட்டது என்று பொருள். அம்மா மலைக்குப் போனால் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறார். மலை இங்கே இலக்கமிட்ட தேயிலை நிலம்.

துண்டுக்குத்தான் கதை அதிகம். தோளில் கிடப்பதும் துண்டு, வெட்டி எடுத்ததும் துண்டு. வரவு செலவுத் திட்டத்தில் விழுவதும் துண்டு என்பதைப் பத்திரிகை வாசிப்பவர்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். நம் முன்னோரின் காலத்தில், தொழிலாளர் பட்ட கடனை அடைத்தால் அவர்களை விடுவிப்பதாகத் தோட்ட நிர்வாகியான துரை எழுதிக்கொடுத்த சீட்டும் துண்டு எனப்பட்டது. அந்தச் சீட்டைக் காட்டி வேறொரு தோட்டத்தில் முன்பணம் பெற்றுப் பழைய கடனைத் தீர்ப்பார்கள் என்பதால், ஆள் இடம் மாறினாலும் கடன் கூடவே சென்றது. 1921 ஆம் ஆண்டின் சட்டம் அந்த முறையை ஒழித்தது. சிறு காகிதம் என்ற எளிய பொருளிலிருந்து ஒரு சொல் இவ்வளவு கனத்தைச் சுமக்க நேர்ந்ததை வேறு வட்டாரத்தார் அறிய வாய்ப்பில்லை. நம் பிள்ளைகளாவது அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் பாட்டின் லயமும் நாம் குடியிருக்கும் லயமும் ஒரே சொல்லின் இரு பொருள்களா?
- வாசகர், பதுளை

பதில்: இல்லை. பாட்டின் லயம் வடமொழிச் சொல். குடியிருப்பு லயம், வரிசையாகக் கட்டிய அறைகளைச் சுட்டிய ஆங்கில 'லைன்' தமிழ் நாவில் உருமாறியது. வடிவம் ஒன்றானாலும் பிறப்பு வேறு என்பதால் அகராதியில் இவற்றை இரு தலைச்சொற்களாகவே தருவது முறை. காலையில் வேலை பிரித்துக்கொடுக்கத் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தின் 'பிரட்டு'வும் ஆங்கிலப் 'பரேட்'டின் வழி வந்ததே. கறியைப் பிரட்டுவதற்கும் அதற்கும் உறவில்லை.