தேங்காய் எண்ணெயை அடுப்படியிலேயே வையுங்கள்: ஜிம் மெஷின் கேள்வி பதில்

உடற்பயிற்சி மெஷின்களைப் பராமரிப்பது பற்றிக் கேளுங்கள் என்று போன மாதம் அறிவித்ததும் மதுரையையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்களே நிறைய எழுதியிருக்கிறீர்கள். பாதிக்கு மேல் ட்ரெட்மில் புலம்பல். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, சின்னதாக ஒரு ஜிம் வைத்திருக்கிறேன். ட்ரெட்மில்லில் ஆள் ஏறினாலே பெல்ட் தயங்கித் தயங்கி ஓடுகிறது. கீழே உரசுகிற சத்தம் வந்ததால் பையன்கள் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். இப்போது எம்சிபியும் (லோடு கூடினால் தானே கரண்டைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) அடிக்கடி விழுகிறது. மோட்டாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடவா?
*ஜிம் உரிமையாளர், அனுப்பானடி*

கொஞ்சம் பொறுங்கள். மோட்டார் கெட்டிருக்கலாம், ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன்.

ட்ரெட்மில்லில் பெல்ட்டுக்குக் கீழே ஒரு பலகை இருக்கிறது. ஆள் கால் வைக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் எடை முழுக்க பெல்ட்டை அந்தப் பலகை மேல் அழுத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் வழுக்கல் இல்லையென்றால் பெல்ட்டை இழுக்க மோட்டார் கூடுதல் கரண்ட் எடுக்கும், அதற்குக் கரண்ட் கொடுக்கிற கன்ட்ரோலர் போர்டு சூடேறும், எம்சிபி விழும். அதைக் கண்டுகொள்ளாமல் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டு ஓட்டினால் ஒரு நாள் போர்டு கருகிவிடும், அதற்கப்புறம் மோட்டாரும் போகும். மோட்டாரை மட்டும் மாற்றி பலகையை அப்படியே விட்டால் புது மோட்டாருக்கும் அதே கதிதான்.

தேங்காய் எண்ணெய் ஊற்றிய உடனே சத்தம் நின்றிருக்கும், அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். அப்புறம் அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். போதாததற்கு 24 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பிக்கிற எண்ணெய் அது, உங்கள் ஜிம்மில் ஏசி இருந்தால் நடந்ததை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். இன்ஜின் ஆயில், கிரீஸ், துருப்பிடித்த நட்டைக் கழற்ற அடிக்கிற ஸ்ப்ரே, இவையும் வேண்டாம். கலப்பில்லாத சிலிக்கான் ஆயில் ஒன்றுதான்.

செய்ய வேண்டியது இது. ப்ளக்கைப் பிடுங்குங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பின்பக்கம் ரோலரின் இரண்டு ஓரத்திலும் போல்ட் இருக்கும், அலன் கீயால் இரண்டையும் ஒரே அளவு தளர்த்துங்கள், எத்தனை சுற்று என்பதை எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது தலைவலி. பெல்ட்டைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பலகையையும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், பிசுக்கு போகும் வரை. நன்றாகக் காய விடுங்கள். பெல்ட்டின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் பெல்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், என்ன ஆயில் விட்டாலும் தாங்காது, புதிது போடுங்கள். பலகையில் குழி விழுந்திருந்தால் அதையும் பாருங்கள். சில மாடல்களில் பலகையைத் திருப்பிப் போட்டு இன்னொரு பக்கத்தைப் பயன்படுத்தலாம். சில கமர்ஷியல் மெஷின்களில் மெழுகு பூசிய பலகை வரும், அதில் ஆயிலே விடக் கூடாது, அதனால் மெஷினோடு வந்த கையேட்டை ஒரு முறை புரட்டுங்கள்.

ஆயில் விடுகிற மாடலென்றால் பலகையில் சிலிக்கான் ஆயில் விடுங்கள். பெல்ட்டை மாட்டியதும் நடுப்பகுதியில் ஓரத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஐந்து, ஆறு சென்டிமீட்டர் தூக்க முடிந்தால் சரி. கால் வைக்கும்போது வழுக்குகிறதே என்று முறுக்கிக்கொண்டே போனால் ரோலர் பேரிங் போய்விடும்.

இத்தோடு முன்பக்க மூடியையும் கழற்றுங்கள். மோட்டாரைச் சுற்றி முடியும் பஞ்சும் தூசியும் மெத்தை போட்டிருக்கும். வேக்குவம் கிளீனரால் பதமாக இழுங்கள், ஈரத்துணி அந்தப் பக்கமே போகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள், ட்ரெட்மில்லுக்கு எர்த்தோடு 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக இருக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு ஆள் ஏறாமல் ஓட்டும்போதே எம்சிபி விழுந்தால், அப்போது மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டு ட்ரெட்மில்லில் பெல்ட் இடது பக்கமாகவே ஒதுங்குகிறது. நேராக இழுத்து வைத்தாலும் பத்து நிமிடத்தில் பழைய இடம்.
*இல்லத்தரசி, திருமங்கலம்*

கையால் இழுத்து வைத்து பிரயோஜனம் இல்லைம்மா. பின்பக்கம் இடது போல்ட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். யாரும் ஏறாமல் மெதுவான வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள். பெல்ட் முறுக்கின பக்கத்தை விட்டு விலகிப் போகும். போதவில்லையென்றால் இன்னொரு கால் சுற்று. வலது பக்கம் ஒதுங்கினால் வலது போல்ட். ஓடும்போது சேலை, துப்பட்டா, குழந்தைகள் மூன்றும் பின்பக்க ரோலருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

நான் கோச்சாக வேலை பார்க்கும் ஜிம்மில், தலைக்கு மேலிருக்கும் பாரைக் கீழே இழுக்கிற லாட் புல்டவுன் மெஷினின் கேபிளில் மேல் பிளாஸ்டிக் உரிந்து உள்ளே கம்பி தெரிகிறது. இன்சுலேஷன் டேப் சுற்றிவிடு, தீபாவளிக்கு அப்புறம் மாற்றலாம் என்கிறார் ஓனர். நான் என்ன செய்ய, சார்?
*பயிற்சியாளர், வில்லாபுரம்*

டேப் சுற்றாதீர்கள் தம்பி. ரெக்சின் கிழிவதும் மெஷின் கிரீச்சிடுவதும் தொந்தரவு, அவ்வளவுதான். கேபிள் அறுவது ஆபத்து. முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது அறுந்தால் பிடித்திருக்கிற பார் இழுப்பவர் தலையிலேயோ தோளிலேயோ இறங்கும்.

அந்தக் கேபிள் பல மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி மேலே நைலான் பூசியது. மொத்தமாக ஒரே நாளில் அறாது, இழை இழையாகத்தான் போகும். புல்லியில் வளைந்து நிமிர்கிற இடத்திலும், நுனியில் கொக்கி மாட்டுகிற கட்டிலும்தான் முதலில் போகும், மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரியே இருக்கும். டேப் சுற்றினால் எத்தனை இழை போயிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும், தவிர டேப் புல்லியில் சிக்கும். இப்போது நல்லா இருக்கிற மற்ற கேபிள்களையும் வாரம் ஒரு முறை எடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பஞ்சுத் துணியால் நீளவாக்கில் உருவிப் பாருங்கள். நூல் சிக்கினால் அங்கே இழை வெளியே வந்திருக்கிறது. வெறும் விரலால் தடவாதீர்கள், ஊசி மாதிரி ஏறும்.

மாற்றும்போது அறுந்த இடத்தில் யூ கிளாம்ப் போட்டு ஒட்டுப்போடுகிற வேலையும் வேண்டாம். பழைய கேபிளை அப்படியே எடுத்துப் போய் தடிமன், நீளம், இரண்டு நுனியின் கட்டு மூன்றும் அதே மாதிரி வாங்குங்கள். புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள், ஆடினாலோ பள்ளத்தில் கீறல் விழுந்திருந்தாலோ அதையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுக் கேபிளை அது தின்றுவிடும்.

ஓனர் சம்மதிக்கும் வரை மெஷினை நிறுத்துவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். "பழுது" என்று அட்டை மாட்டினால் நம்ம ஆட்கள் அட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இழுப்பார்கள். எடைக்குச் சொருகுகிற பின்னை எடுத்து டிராயரில் பூட்டுங்கள், பாரையும் கழற்றிவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரைப் பின்னுக்குப் பதிலாகச் சொருகுகிற புத்திசாலிகளும் உண்டு, ஒரு கண் வையுங்கள்.

பெண்களுக்கான ஃபிட்னஸ் ஸ்டுடியோ நடத்துகிறேன். இரண்டு பிரச்சினை. பெஞ்சுகளின் ரெக்சின் ஒரே வருடத்தில் வெடித்துவிட்டது, இத்தனைக்கும் தினமும் சானிடைசர் போட்டுத் துடைக்கிறோம். ஸ்பின் பைக் ஒன்றில் இடது பெடல் எவ்வளவு முறுக்கினாலும் கழன்று வருகிறது.
*ஸ்டுடியோ உரிமையாளர், கே.கே.நகர்*

இத்தனைக்கும் இல்லை மேடம், அதனால்தான் வெடித்தது. சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் ரெக்சினை வறளச் செய்துவிடும். ஒரு பக்கெட் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற லிக்விட் சில சொட்டு, பிழிந்த துணி, அப்புறம் காய்ந்த துணி, அது போதும். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் துடைக்க மட்டும் குடிநீர் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டு படியும். டிஸ்ப்ளே மேல் நேராக எதையும் ஸ்ப்ரே பண்ண வேண்டாம், துணியில் அடித்துத் துடையுங்கள். வெடித்த பெஞ்சுகளுக்குப் புது மெத்தை வாங்க வேண்டியதில்லை, வண்டி சீட் தைக்கிற கடையில் கொடுத்தால் நல்ல கனமான ரெக்சினில் போட்டுத் தருவார்கள்.

இடது பெடலுக்கு மரை தலைகீழ். சைக்கிளிலும் அப்படித்தான். நாம் எல்லா நட்டையும் முறுக்குகிற மாதிரி வலஞ்சுழியாகத் திருப்பினால் அது கழலும், இடஞ்சுழியாகத்தான் முறுக்க வேண்டும். பெடல் ஆட ஆட மிதித்துக்கொண்டே இருந்திருந்தால் கிராங்க்கில் (பெடல் மாட்டுகிற இரும்புக் கை) மரை தின்றுபோயிருக்கும், அப்படியென்றால் கிராங்க்கை மாற்றுவதுதான் வழி.

ட்ரெட்மில்லை யார் கண்டுபிடித்தது? அவரை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும்.
*உடம்பு வலியோடு ஒரு வாசகர், செல்லூர்*

1818-ல் வில்லியம் க்யூபிட் என்ற இங்கிலாந்து இன்ஜினியர் சிறைக் கைதிகளை மிதிக்க வைக்க ஒரு பெரிய சக்கரம் செய்தார், பெயர் அங்கிருந்து வந்ததுதான். கொடுமை என்று 1898-ல் அங்கே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். நாம் இப்போது மாதச் சந்தா கட்டி நடக்கிறோம்.

எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து தகரக் கொட்டகையில் இரும்பு பிளேட், பார் எல்லாம் வைத்துப் பயிற்சி செய்கிறோம். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் துருப்பிடித்துவிடுகிறது.
*ஒரு இளைஞர், பாலமேடு*

மாட்டுப் பொங்கலன்று உங்கள் ஊர் வாடிவாசல், அதற்கு முந்தின மூன்று மாதம்தான் கொட்டகையில் கூட்டம் சேரும், மழையும் அப்போதுதான். மழையை விட வியர்வைதான் பெரிய எதிரி, உப்புத்தண்ணீர் இல்லையா. பிடித்த கையோடு ஒரு காய்ந்த துணியால் பாரைத் துடைக்கிற பழக்கம் வந்தாலே பாதித் துரு வராது.

வந்த துருவுக்கு, பிளேட்டுகளைக் கம்பி பிரஷால் தேய்த்து மண்ணெண்ணெயில் துடைத்து வெயிலில் காய வைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், அதற்கு மேல் எனாமல் பெயிண்ட். பாருக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள், சொரசொரப்பு அடைபட்டு கை வழுக்கும். அதற்கு நைலான் பிரஷ், அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு தடவி நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு யாரும் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. மண் தரையில் நேராகப் போடாமல் ஒரு மரச்சட்டம் அடித்து அதில் மாட்டி வையுங்கள்.

வருடத்துக்கு எத்தனை முறை சர்வீஸ் செய்ய வேண்டும்?
*வாசகர், ஒத்தக்கடை*

பல ஜிம்களில் ஒரே முறை, ஆயுத பூஜைக்கு. அன்றைக்கு மட்டும் மெஷின் மின்னும், சந்தனம் குங்குமம் வைத்த டிஸ்ப்ளே பட்டன் மறுநாள் வேலை செய்யாது, பெல்ட்டுக்குள் பொரி போயிருக்கும். துடைப்பது தினமும், நட்டு போல்ட்டும் கேபிளும் பார்ப்பது வாரம் ஒரு முறை, ட்ரெட்மில் மூடியைக் கழற்றித் தூசி எடுப்பது ஜிம்மில் மாதம் ஒரு முறை. வீட்டில் ஒருவர் மட்டும் நடந்தால் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிலிக்கான் ஆயில். சித்திரை, வைகாசியில் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுகிற இடங்களில் தூசி அதிகம், இன்னும் சீக்கிரம் பாருங்கள்.

ரிட்டயர் ஆன ஆசிரியர் நான். தெரிந்தவர் ஒருவர் பழைய ட்ரெட்மில் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
*வாசகர், திருநகர்*

ஐயா, துணி காயப்போட்டே வைத்திருந்ததுதானே? வாங்கலாம், ஓட்டிப் பார்த்துவிட்டு. நீங்களே ஏறி பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள், சும்மா ஓட விட்டுக் காட்டினால் ஒன்றும் தெரியாது. பெல்ட் தயங்குகிறதா, கருகல் வாசனை வருகிறதா, இறங்கிய பிறகு மோட்டார் மூடி கை வைக்க முடியாத சூடா என்று பாருங்கள். பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பலகையைத் தடவிப் பாருங்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகு. கைப்பிடிக் கம்பியைத் தொட்டதும் ஷாக் அடித்த மாதிரி சுளீரென்றால் வறண்ட நாளில் உரசலால் வருவதாகவும் இருக்கலாம், ஆனால் தொட்டுக்கொண்டே இருக்கும்போது விடாமல் விறுவிறுத்தால் எர்த் கோளாறு, எலக்ட்ரீஷியன் பார்க்காமல் வீட்டுக்குள் ஏற்ற வேண்டாம். அந்த மாடலுக்கு மதுரையில் போர்டும் பெல்ட்டும் கிடைக்குமா என்று முன்கூட்டியே இரண்டு கடையில் விசாரியுங்கள். சிவப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சேஃப்டி கீ இருக்கும், பெரும்பாலான மாடல்கள் அது இல்லாமல் ஓடாது, பேரப்பிள்ளைகள் எடுத்து விளையாடித் தொலைத்திருப்பார்கள். டாடா ஏஸில் ஏற்றும் முன் அதைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.